அதிர்ச்சிக்குப் பின் நடப்போம், நலம் பெறுவோம்



காலில் முள் தைத்தால் ரத்தம் தெரியும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்தால் தெரியும். மனசில் விழுந்த அடி மட்டும் வெளியே தெரியாது. ஆனால் அந்த அடி சும்மா இருப்பதில்லை. தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கெடுக்கும். புருஷன் பெஞ்சாதி நடுவே சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அந்த அடியிலிருந்து மீள, நம் கை காலையும் மூச்சையும் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இந்தப் பிரசுரம் எடுத்துச் சொல்கிறது. செலவு ஒன்றும் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தால் பலன் அதிகம்.

அதிர்ச்சி என்பது எது?

உயிர் போய்விடுமோ என்று நடுங்க வைத்த எந்தச் சம்பவமும் அதிர்ச்சிதான். புயல், வெள்ளம், தீ விபத்து, லாரி மோதல், பாம்புக்கடி, அடிதடி, பலாத்காரம், உயிருக்கு ஆபத்தாகிப் போன பிரசவம், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தல் எல்லாம் இதில் சேரும். நேரில் பட்டவருக்கு மட்டும் அல்ல, கண்ணால் பார்த்தவருக்கும் வரலாம்.

இப்படி ஒன்று நடந்த பிறகு கெட்ட கனவு வரும். திடீர்ச் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடும். நெஞ்சு படபடக்கும். நடந்ததெல்லாம் மறுபடி நடப்பது போலக் கண் முன்னே ஓடும். அந்த இடத்துப் பக்கமே போகப் பிடிக்காது. சிலருக்கு அழுகையே வராமல் மரத்துப் போகும். சிலருக்குத் தொட்டதற்கெல்லாம் கோபம் வரும்.

நம் ஊரில் இதைப் "பயந்துட்டா", "பயந்த கோளாறு" என்பார்கள். திருநீறு போட்டு, மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டுவதால் மனசுக்குத் தெம்பு வந்தால் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. பெரிய ஆபத்தைக் கண்ட உடம்பு, ஆபத்து போன பிறகும் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான்.

முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயற்கை. பெரும்பாலோருக்குச் சொந்த பந்தத்தின் ஆதரவோடு தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் வாட்டினால்தான் அதை நோய் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை பார்க்க வேண்டும்.

கடல் வந்த நாள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பூகம்பத்தால் ஆழிப்பேரலை எழுந்து நம் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் ஏராளம். அவர்களில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள் மறுபடி குழந்தை பெற வழி செய்ய, கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அரசு இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. குடும்ப நலப் பணியில் இருப்பவர்கள் மறக்க முடியாத செய்தி இது.

பிறகு 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பிள்ளை போல வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன.

இந்த இரண்டு துயரத்திலும் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. உயிரும் பொருளும் போனதோடு, தினசரி உடல் உழைப்பும் போய்விட்டது. படகு உடைந்ததால் மீனவர் கடலுக்குப் போகவில்லை. மரம் சாய்ந்ததால் விவசாயிக்குத் தோப்பில் வேலை இல்லை. விடியற்காலை எழுந்து ஓடியாடிய உடம்பு, முகாமிலும் திண்ணையிலும் கை கட்டி உட்கார்ந்தது. உட்கார்ந்த உடம்புக்கு நினைப்பு அதிகம். பகலில் அசையாத உடம்புக்கு ராத்திரி தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாதவன் சாராயத்தைத் தேடினான். துக்கத்தோடு அசைவின்மையும் சேர்ந்தால் நோய் இரட்டிப்பாகும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வயல் வரப்பில் நாகத்தைக் கண்டால் என்ன ஆகிறது? நாம் யோசிப்பதற்கு முன்னே உடம்பு துள்ளி விலகுகிறது. சிறுநீரகத்தின் தலைப்பில் உள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு மேல்மூச்சாகிறது. தசைகள் இறுகுகின்றன. ஓடு, இல்லையேல் எதிர்த்து நில் என்பது உடம்பின் கட்டளை. ஓடவும் எதிர்க்கவும் வழியில்லாவிட்டால் உடம்பு கல்லாய்ச் சமைந்துவிடும். "கை கால் ஓடல" என்று நாம் சொல்வது இதைத்தான். அப்படிச் சமைந்து போனது கோழைத்தனம் அல்ல. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம், யாரும் பழிக்கவும் வேண்டாம்.

பாம்பு போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பு அடங்க வேண்டும். பெரிய அதிர்ச்சி கண்டவருக்கு அது முழுசாக அடங்குவதில்லை. தோள் இறுகியே இருக்கும். மூச்சு மேலாகவே ஓடும். காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் "புயல்தான் வந்துட்டுது" என்று உடம்பு எண்ணிக்கொள்ளும்.

இங்கேதான் நடையும் பயிற்சியும் கை கொடுக்கின்றன. எப்படி?

முதலாவது, நடக்கும்போதும் ஓடும்போதும் இதயம் வேகமாக அடிக்கிறது, வேர்க்கிறது. அப்புறம் உட்கார்ந்தால் அடங்குகிறது. தினமும் இப்படி நடக்க நடக்க, "நெஞ்சு படபடத்தால் ஆபத்து என்று அர்த்தமில்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கும்" என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. வாயால் ஆயிரம் தடவை "பயப்படாதே" என்று சொன்னாலும் வராத பாடம் இது.

இரண்டாவது, மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. நெஞ்சை அமைதிப்படுத்தும் நரம்பு அப்போது வேலை செய்கிறது. மூச்சு நம் கையில் இருக்கும் கடிவாளம்.

மூன்றாவது, பகலில் அலுத்த உடம்பு இரவில் நன்றாகத் தூங்கும். தூக்கம் வந்தால் கோபமும் பயமும் பாதி குறையும்.

நான்காவது, அதிர்ச்சியில் "என் உடம்பு என் சொல் கேட்கல" என்ற எண்ணம் ஆழமாய்ப் பதிந்துவிடுகிறது. இன்று பத்து நிமிஷம், நாளை பன்னிரண்டு நிமிஷம் என்று நாமே தீர்மானித்து நடக்கும்போது, "என் உடம்பு என்னுடையது" என்ற நம்பிக்கை திரும்புகிறது.

சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். ஆழிப்பேரலைக்கு ஒரு மாதம் கழித்து, அந்தமான் தீவுகளில் பாதிக்கப்பட்ட 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் பயமும் பதற்றமும் துக்கமும் தூக்கக் கோளாறும் குறைந்தன. தென்னிந்தியக் கரையோர முகாம்களில் கடுமையான அறிகுறிகளோடு இருந்த 183 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நான்கு நாளில் மொத்தம் 8 மணி நேரம் மூச்சுப் பயிற்சி பெற்றவர்கள், பயிற்சி பெறாமல் காத்திருந்தவர்களைவிட மிக நன்றாகத் தேறினார்கள். இந்த முடிவு 2010-ல் வெளியானது. அமெரிக்காவில் நெடுங்காலம் அதிர்ச்சி நோயால் வாடிய 64 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. வாரம் ஒரு மணி வீதம் 10 வாரம் யோகம் பயின்றவர்களில் பாதிப் பேர் அளவுக்கு நோயின் எல்லையைத் தாண்டி வெளியே வந்தார்கள்.

இவை சிறிய ஆய்வுகள்தான். பயிற்சி ஒன்றே எல்லாருக்கும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. தேர்ந்தவரிடம் பேசிப் பெறும் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் முக்கியம். அவற்றுக்குப் பக்கபலமாகப் பயிற்சி நிற்கிறது. மருத்துவர் கைக்கு எட்டும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்கலாம் என்பது இதன் சிறப்பு.

செய்யும் முறை

1. நடை. வெயில் ஏறுமுன் அல்லது பொழுது சாயும் வேளையில் நடங்கள். முதல் வாரம் 10 நிமிஷம் போதும். மெல்ல மெல்ல அரை மணியாக்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரம் 5 நாள் அரை மணி நடந்தால் 150 நிமிஷம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு 150 முதல் 300 நிமிஷம். நடக்கும்போது உள்ளங்கால் மண்ணில் படுவதைக் கவனியுங்கள். பழைய நினைப்பு இழுத்தால் நூறு அடி எண்ணுங்கள். வரப்பில் பூத்தது என்ன, வேலியில் உட்கார்ந்திருப்பது என்ன குருவி என்று பாருங்கள். மனசு இன்றைய நாளுக்குத் திரும்பும்.

2. மூச்சு. முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும் வரை இழுங்கள். ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். அடக்கி வைக்க வேண்டாம். தினம் இருவேளை ஐந்து நிமிஷம். கண்ணை மூடினால் பயங்கரக் காட்சி வருகிறதா? மூட வேண்டாம். எதிரே குத்துவிளக்கையோ, முற்றத்து மரத்தையோ பார்த்துக்கொண்டே செய்யுங்கள். தலை சுற்றினால் நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள்.

3. முறுக்கித் தளர்த்துதல். படுக்கப் போகும் முன் செய்யலாம். ஈரத் துணியைப் பிழிவது போல இரு கை முஷ்டியையும் இறுக்குங்கள். ஐந்து எண்ணுங்கள். பிறகு விட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள். அடுத்து தோளைக் காது வரை தூக்கி இறுக்கி விடுங்கள். அப்புறம் வயிறு, தொடை, கால் விரல். இறுக்கம் எது, தளர்ச்சி எது என்பதை மறந்து போன உடம்புக்கு இது மறுபடி சொல்லிக் கொடுக்கும்.

4. கூடி ஆடுதல். கும்மி, கோலாட்டம், சடுகுடு, பந்து எதுவானாலும் சரி. பத்துப் பேர் ஒரே தாளத்துக்குக் கை தட்டும்போது "நான் தனி இல்லை" என்பது உடம்புக்கே புரிகிறது. ஊரில் துக்கம் விழுந்த வருஷம் ஆடலாமா என்று தயங்குவார்கள். கொண்டாட்டமாக வேண்டாம். குழந்தைகளுக்கு மாலையில் விளையாட்டு என்று தொடங்குங்கள். பெரியவர்களும் தானாக வந்து சேருவார்கள்.

பயந்த இடத்துக்குப் போவது எப்படி?

கடலைப் பார்க்க முடியாதவரைக் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் நிறுத்தக் கூடாது. அது வைத்தியம் அல்ல, கொடுமை. படிப்படியாகப் போக வேண்டும். முதல் சில நாள் தெருமுனை வரை நடங்கள். பிறகு சவுக்குத் தோப்பு வரை. பிறகு அலைச் சத்தம் கேட்கும் தூரம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு குறையும் வரை நின்று மூச்சு விடுங்கள். அடுத்த படி எப்போது என்பதைப் பயந்தவரே சொல்ல வேண்டும். விபத்து நடந்த சாலைக்கும் தீப்பிடித்த வீட்டுக்கும் இதே முறைதான். நோய் முற்றியவர்கள் மனநல மருத்துவரின் யோசனையோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

கணவன்மாருக்கும் மனைவிமாருக்கும்

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு இது:

"ஏங்க, ராத்திரியெல்லாம் முழிச்சே கெடக்குறீங்க. என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?"

"ஒண்ணுமில்ல புள்ள. நீ படு."

இதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆம்பிளை அழக் கூடாது என்று அவர் நினைக்கிறார். நம்மைப் பிடிக்கவில்லை போலும் என்று இவள் நினைக்கிறாள். இருவரும் ஒரே துக்கத்தைத் தனித்தனியே சுமக்கிறார்கள்.

இந்த வீட்டுக்கு ஒரு யோசனை. "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்த வேண்டாம். "வாங்க, குளத்தங்கரை வரை நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வரும். வராவிட்டாலும் பரவாயில்லை. கூட நடந்ததே ஒரு பேச்சுதான்.

அதிர்ச்சிக்குப் பின் தாம்பத்திய ஆசை குறைவது சகஜம். தொட்டாலே திடுக்கிடும் உடம்பைக் கட்டாயப்படுத்தினால் பயம் இன்னும் ஆழமாக இறங்கும். பொறுத்திருங்கள். கை கோத்து நடப்பதும், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் நெருக்கம்தான். பிள்ளையை இழந்தவர்கள், சுற்றத்தார் அவசரப்படுத்துவதற்காக அடுத்த கர்ப்பத்துக்கு ஓட வேண்டாம். இருவரும் கலந்து பேசி, மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அது வரையிலான இடைவெளிக்குத் தகுந்த முறைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வியும் பதிலும்

"காலையிலேர்ந்து நாத்து நடறேன், தண்ணி தூக்கறேன். இதுக்கு மேல பயிற்சி எதுக்கு?"

நியாயமான கேள்வி. வேலையும் நல்ல அசைவுதான். ஆனால் வேலையில் அவசரம் உண்டு. முதுகு வளைந்து, மூச்சு பிடித்து, மனசு வேறெங்கோ இருக்கும். பயிற்சிக்கு நிதானமும் கவனமும் வேண்டும். நாள் முழுக்க உழைப்பவர்கள் நடையைச் சேர்க்க வேண்டாம். மூச்சும் முறுக்கித் தளர்த்துதலும் மட்டும் செய்யுங்கள். தண்ணீர் தூக்கும்போது மூச்சைக் கவனித்தால் அதுவும் பயிற்சியாகும்.

"பொம்பளை சும்மா நடந்தா ஊர் ஒரு மாதிரியாப் பேசுதே?"

நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேராகப் போங்கள். கோயில் பிரகாரம் பதினோரு சுற்று சுற்றுவதும் நடைதான். கணவர் கூட வந்தால் ஊர் வாய் தானே அடங்கும்.

"பிரசவமான உடம்பு, நடக்கலாமா?"

சுகப் பிரசவம் ஆனவர் சில நாளிலேயே வீட்டுக்குள் மெல்ல நடக்கலாம். வயிற்றைக் கிழித்துப் பிரசவம் ஆனவர்கள் மருத்துவர் சொல்லும் வரை கனமான பயிற்சி செய்யக் கூடாது. மூச்சுப் பயிற்சியை மெதுவாகச் செய்யலாம். கர்ப்பிணிகளும், இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.

"ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வருது."

வருவது தூக்கம் அல்ல, மயக்கம். நடு ராத்திரி போதை தெளியும்போது பயம் வட்டியோடு திரும்பும். குடி அதிர்ச்சியை ஆற்றாது, அழுக வைக்கும்.

"எத்தனை நாளில் குணமாகும்?"

ஆளுக்கு ஆள் மாறும். சில வாரங்களில் தூக்கம் தேறத் தொடங்கும். நடுவில் ஒரு நாள் பழைய பயம் திரும்பி வரலாம். ஆண்டுத் திதி நெருங்கும்போது கூடுதலாக இருக்கும். அதனால் செய்ததெல்லாம் வீண் என்று விட்டுவிடக் கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால், சோறும் வேலையும் நின்று போனால், குடி அதிகமானால், பிள்ளையைக் கவனிக்க முடியாமல் போனால் தாமதிக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள். "செத்துப் போனாத் தேவல" என்று யாராவது சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னதாக எண்ணாதீர்கள். தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். 14416 அல்லது 104 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. பயத்தின் காரணமே வீட்டுக்குள் இருந்தால், அதாவது கணவன் அடிப்பதுதான் அதிர்ச்சி என்றால், மூச்சுப் பயிற்சி மட்டும் தீர்வாகாது. முதலில் அடி நிற்க வேண்டும். பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

நினைவில் வையுங்கள்

* அதிர்ச்சி யாருக்கும் வரலாம். அது குற்றம் அல்ல, வெட்கம் அல்ல.
* தினம் கொஞ்சம் நடை, இருவேளை மூச்சு, இரவில் தளர்ச்சி.
* வற்புறுத்தாதீர்கள், தனியே விடாதீர்கள்.
* ஒரு மாதம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள்.

இன்று மாலையே தொடங்குங்கள். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை போதும். நாளைக்கு இன்னும் பத்து அடி. இருவராகப் போங்கள்.

இந்தப் பிரசுரத்தைப் படித்த பின் அடுத்த வீட்டாருக்கும் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.